கதிரவனின் எழுத்தைப் படித்தவர்: அறிஞர் மேகநாத் சாகா

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். அவருக்கு இரண்டரை ஆண்டு இளையவராய்ப் பிறந்து, அவர் மறைந்த அதே 1956ஆம் ஆண்டில் மறைந்த மற்றோர் அறிஞரை நம்மில் பலர் அறிந்திலர். வங்கம் ஈன்ற வானியற்பியல் மேதை மேகநாத் சாகாவே அவர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் அவருடைய வாழ்வு இடம்பெறுவது மிகவும் பொருந்தும் என்று கருதுகிறோம். ஏன் பொருந்தும் என்பதை வாசகர் சற்று நேரத்தில் கண்டுகொள்வர்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். சாகா பட்டியல் சாதியிற் பிறந்தவர் அல்லர். வணிகத் தொழில் செய்த அவருடைய சமூகத்தை வங்காளத்து மேற்குலத்தார் தாழ்ந்ததென ஒதுக்கி வைத்திருந்தனர். அவர்கள் தொட்ட தண்ணீரைப் பருகமாட்டார்கள், உடனிருந்து உண்ணமாட்டார்கள். சேரியின் துயரம் முழுவதையும் சாகா அனுபவித்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சாதியின் கை தன் தட்டின்மேல் விழுவது எப்படிப்பட்டது என்பதை அவர் அறிவார்.

1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்கா மாவட்டத்துச் செவ்ராத்தலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தை செகந்நாத் சாகா சிறு மளிகைக்கடை வைத்திருந்தார், தாய் புவனேசுவரி. எட்டு மக்களில் மேகநாத் ஐந்தாமவர். இடியும் மழையுமாக இருந்த இரவில் பிறந்தமையால் மேகங்களுக்கு நாதன் என்று பெயரிட்டார்கள் என்பர். வளர்ந்தபின் அவர் அப்பெயரின் இறுதி எழுத்தை மாற்றி, இராவணன் மகன் இந்திரசித்துக்கு உரிய மேகநாதன் என்னும் பெயராக்கிக்கொண்டார். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வங்க எழுத்தில் வேறு. தேவர்தலைவனை வென்றவன் பெயரைத் தாமே விரும்பி ஏற்றாரென்றால் அதில் ஒரு குறிப்பு இல்லாமற் போகாது.

ஊரில் தொடக்கப் பள்ளி மட்டுமே இருந்தது. அது முடிந்ததும் கடையில் உட்கார வேண்டியதுதான் என்பது தந்தையின் எண்ணம். ஏழைக் குடும்பத்தில் அவ்வாறு எண்ணுவதைக் குற்றமென்று கூறவியலாது. நம் காஞ்சியிலும் எத்தனை தந்தையர், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று பிள்ளையைத் தறியில் இழை எடுக்க அனுப்பினர்! ஆனால் மூத்த தமையன் செயநாத் விடவில்லை. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிமுலியா ஊரில் அனந்த குமார் தாசு என்ற மருத்துவரைக் கண்டு, தம்பிக்கு இடம் கேட்டார். மருத்துவர் இரங்கி, கூலியின்றி உணவும் உறைவிடமும் தர இசைந்தார். சிறுவன் அவர் வீட்டுப் பசுவைப் பேண வேண்டும். தான் உண்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கட்டுப்பாடு வேலைக்காக விதிக்கப்பட்டதன்று, சாதிக்காக விதிக்கப்பட்டது. உதவிய கையே ஒதுக்கவும் செய்தது. சாகா பிற்காலத்தில் அந்த மருத்துவரை நன்றியோடேயே நினைவுகூர்ந்தார். நாமும் அம்மனிதரைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. அவர் இல்லையேல் சாகா இல்லை.

அப்பள்ளியில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அவருடைய மாத வரவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரசின் உதவித்தொகை 4 ரூபாய். சணல் ஆலையில் 20 ரூபாய்ச் சம்பளம் பெற்ற தமையன் அனுப்பியது 5 ரூபாய். கிழக்கு வங்க வைசிய சமிதி என்னும் சமூகச் சங்கம் கொடுத்தது 2 ரூபாய். அந்த இரண்டு ரூபாயைக் கருதியே இவ்வாழ்வு நம் மலருக்குப் பொருந்தும் என்று தொடக்கத்தில் சொன்னோம். சமிதியின் கணக்கேட்டில் அது சிறு தொகையாகவே பதிவாகியிருக்கும். கொடுத்தவர்கள் எவரும் அது கதிரவன்வரை சென்று எட்டும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டு வங்கத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்தார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. துணைநிலை ஆளுநர் புல்லர் பள்ளிக்கு வருகை தந்தபோது அதைப் புறக்கணித்த மாணவருள் மேகநாத்தும் ஒருவர் என்று கருதி அவரைப் பள்ளியிலிருந்து நீக்கினர், உதவித்தொகையும் பறிபோயிற்று. கிசோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவருள் முதலிடம் பெற்றார். டாக்கா கல்லூரியில் இரண்டாண்டு பயின்று, 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார்.

அங்கே செகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் ஆசிரியர்; சத்தியேந்திரநாத் போசு வகுப்புத் தோழர். இதைவிடச் சிறந்த கூட்டம் எந்த மாணவனுக்கு வாய்க்கும்? ஆனால் பாடம் முடிந்து விடுதிக்குத் திரும்பினால் நிலைமை வேறு. ஈடன் இந்து விடுதியின் உணவுக்கூடத்தில் அவரோடு அமர்ந்து உண்ண மேற்சாதி மாணவர் மறுத்தனர். சரசுவதி பூசையின்போது அவரை நெருங்கவொட்டாமல் தடுத்தனர். கல்விக்குத் தெய்வமென்று ஒருத்தியை வைத்து, அங்கிருந்த தலைசிறந்த மாணவருள் ஒருவரை அவள் முன்னிலையிலிருந்து விரட்டியதை நினைக்கும்போது சினம் எழுவது இயற்கையே. அவருக்காகச் சில நண்பர்கள் தாங்களும் விடுதியை விட்டு வெளியேறி, அவரோடு தனி உணவகம் அமைத்துக்கொண்டனர். அந்நண்பர்களை மறத்தலும் ஆகாது.

1913இல் பி.எஸ்ஸி. தேர்விலும், 1915இல் எம்.எஸ்ஸி. தேர்விலும் சத்தியேந்திரநாத் முதலிடம், மேகநாத் இரண்டாமிடம். அடுத்த ஆண்டே இருவரும் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியற் கல்லூரியில் ஆசிரியராயினர். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லை. நூல்கள் மட்டும் இருந்தன. செருமன் மொழியைக் கற்றிருந்த அவ்விருவரும் ஐன்சுடைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. ஆக்னசு கிளார்க் என்னும் ஐரிசு அம்மையார் பொதுமக்களுக்காக எழுதிய வானியல் நூல்கள் இக்காலத்தில்தான் சாகாவின் கைக்குக் கிடைத்தன. விடை காணப்படாத வினாக்கள் அவற்றில் நிறைந்திருந்தன.

அவ்வினாக்களுள் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் செலுத்தினால் அது வானவில் போல் விரியும். இதையே நிறமாலை என்கிறோம். நம்மூர்ப் பட்டுச்சேலையின் உடலில் நிறம் சீராக ஓடும்போது, இடையிடையே கருப்பு ஊடை இழைகள் தென்பட்டால் எப்படி இருக்குமோ, அப்படி அந்நிறமாலையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் நூற்றுக்கணக்கில் காணப்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை இடும். ஆகவே அக்கோடுகளைப் படித்தால் 15 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கதிரவனில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்று அறியலாம். 1868ஆம் ஆண்டு ஆகசுடு 18இல் முழுக் கதிரவ மறைப்பு நேர்ந்தபோது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் சான்சன் இவ்வாறே கதிரவனைச் சூழ்ந்த தீப்பிழம்புகளை ஆய்ந்தார். மண்ணுலகில் எவரும் அதுவரை கண்டிராத ஈலியம் என்னும் வாயு அவ்வாண்டு ஆய்வுகளின் வழியே வெளிப்பட்டது.

இங்கேதான் சிக்கல். கதிரவனில் சோடியம் உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்த ரூபிடியம், சீசியம் ஆகியவற்றின் கோடுகள் காணப்படவில்லை. கால்சியமோ கதிரவனின் மேலடுக்கில் வெகு உயரத்திலும் தெரிந்தது. ஆனால் அங்குத் தெரிந்தது இயல்பான கால்சியத்தின் கோடன்று, எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடு. எலக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்பர். உயரே செல்லச் செல்ல அயனிகள் ஏன் மிகவேண்டும்?

சாகா தந்த விடை எளியது. எளியதாய் இருப்பதே அதன் அழகு. வெப்பம் மிகுந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்களை உதறும். உதறியவை மீண்டும் வந்து சேர்தலும் உண்டு. திருவிழா நெரிசலில் கைவிட்ட பிள்ளையை அடுத்த அடியிலேயே யாரேனும் பற்றிக்கொள்வர். ஆளற்ற பெருவெளியிலோ போனவன் போனவனே. அதுபோல வாயு நெருக்கமாயிருந்தால் எலக்ட்ரான் விரைவில் பிடிபடும். அழுத்தம் குறைந்த மேலடுக்கில் பிடிபடாது, ஆகவே அங்கே அயனிகள் மிகும். வெப்பம், அழுத்தம், எலக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய ஆற்றல் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி அவர் ஒரு சமன்பாடு அமைத்தார். 1920இல் அது இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27கூட நிரம்பவில்லை.

ரூபிடியம் கதிரவனில் இல்லாமலில்லை. மிக எளிதில் எலக்ட்ரானை இழப்பதால் அதன் இயல்பான கோடு மறைந்துவிடுகிறது. கதிரவனின் கரும்புள்ளிகள் சூழ்ந்துள்ள பரப்பைவிடக் குளிர்ந்தவை, ஆகவே அங்கே தேடினால் அகப்படும் என்று அவர் முன்னறிந்து கூறினார். அமெரிக்க வானியலார் என்றி நாரிசு ரசல் தேடினார், ரூபிடியம் அகப்பட்டது. ஓர் இளைஞன் கல்கத்தாவில் தாளும் பென்சிலும் கொண்டு போட்ட கணக்குக்குக் கதிரவனே கையொப்பமிட்டது போலாயிற்று. விண்மீன்கள் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம் என்று நிறம் மாறித் தோன்றுவதும் பெரும்பாலும் வெப்ப வேறுபாட்டாலேயே, பொருள் வேறுபாட்டாலன்று என்பதும் இதனால் தெளிவாயிற்று. 1925இல் செசிலியா பெய்ன் என்னும் இளம் பெண்மணி இச்சமன்பாட்டைக் கையாண்டே, விண்மீன்களில் மிகுதியாயிருப்பது ஐட்ரசன் என்று காட்டினார்.

இலண்டனிலும் பெர்லினிலும் சிலகாலம் ஆய்ந்து திரும்பிய சாகா, 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராய் இருந்தார். 1927இல் இலண்டன் ராயல் சங்கத்து உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை. நிலவின் மறுபக்கத்துப் பெருங்குழி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கதிரவனை இவ்வாறு அறிந்தவர், கோள்களைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த கருத்துகளையும் ஆழ்ந்து கற்றார். பண்டைய அமைப்பில் நிலவுலகு நடுவில் அசையாதிருக்கும். அதைச் சுற்றி நிலவு, புதன், வெள்ளி, கதிரவன், செவ்வாய், வியாழன், சனி என்னும் ஏழும் வரிசையாகச் சுழலும். கிரேக்கர் வகுத்த இம்முறையை 2ஆம் நூற்றாண்டில் தாலமி நூலாக்கினார். நாம் அன்றாடம் சொல்லும் கிழமைகளின் வரிசைகூட இதிலிருந்து பிறந்ததே. ஒரு நாளின் 24 ஓரைகளுக்கும் மிகத் தொலைவிலுள்ள சனி முதலாக ஒவ்வொரு கோளைத் தலைவனாக்கினர். முதல் ஓரை சனிக்கு என்றால் 22ஆவதும் சனிக்கே வரும். 23 வியாழன், 24 செவ்வாய். மறுநாள் முதல் ஓரை ஞாயிறுக்கு. இளைஞர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். அடுத்தது திங்களில்தான் வந்து நிற்கும். நிலவுலகு நடுவில் இருக்கிறது என்னும் கொள்கை மாண்டு போயிற்று. அதன் கிழமை வரிசையோ நம் நாட்காட்டியில் இன்னும் தொங்குகிறது. இராகு காலமும் ஓரையும் அதைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன.

நம் நாட்டில் ஆரியபட்டர் 499ஆம் ஆண்டில், தமது 23ஆம் வயதில், நிலவுலகு தன்னைத்தானே சுற்றுகிறது என்று துணிந்து கூறினார். மறைப்புகள் இராகு கேதுவால் அல்ல, நிழலால் நேர்கின்றன என்றும் விளக்கினார். அவர் பெருமை பெரிது. எனினும் கதிரவனை நடுவில் வைத்தவர் அவரல்லர். 1500ஐ ஒட்டிக் கேரளத்து நீலகண்ட சோமயாசி ஐந்து கோள்களும் கதிரவனைச் சுற்றுவதாகக் கொண்டார். கதிரவன் நிலவுலகைச் சுற்றுவதாகவே அவரும் வைத்தார். 1543இல் கோபர்னிக்கசு, பின்னர் கெப்ளர், நியூட்டன் ஆகியோர் வந்தபின்பே இன்றைய அமைப்பு நிலைபெற்றது.

இவ்வரலாற்றை உள்ளது உள்ளபடி கூறியதற்காகச் சாகா ஒரு சண்டையில் இறங்க நேர்ந்தது. 1938இல் அவர் ஆற்றிய உரையொன்றைப் புதுச்சேரி ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய் கண்டித்தெழுதினார். கோபர்னிக்கசுக்கும் நியூட்டனுக்கும் முன்பே எல்லாம் இங்கு இருந்தன என்பது அத்தரப்பின் வாதம். அடுத்த ஆண்டு வங்க இதழொன்றில் சாகா விரிவாக விடையிறுத்தார். வேதங்களையும் பழைய வானியல் நூல்களையும் பல ஆண்டு படித்தும், புதிய அறிவியலின் விதிகளை அவற்றில் தாம் காணவில்லை என்றார். ஆரியபட்டர், பாசுகரர் ஆகியோரின் தகுதியை அளந்து போற்றினார். அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் ஏற்றவில்லை. எல்லாம் பழைய ஏட்டில் உண்டென்பது, அந்த ஏட்டைத் தொடக்கூடாதென்று விலக்கப்பட்டவர்களுக்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் ஊரையும் நினைக்க வேண்டும். 1300ஐ ஒட்டி எழுந்த வாக்கியகரணம் என்னும் கணித நூலின் ஆசிரியர் காஞ்சியைச் சார்ந்தவர் என்று ஆய்வாளர் கருதுவர். அவர் பெயர் தெரியவில்லை. எழுத்துகளுக்கு எண்மதிப்பு தந்து, நிலவின் நிலையை 248 நாளுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துகொள்ளும் முறை அதற்கும் பழையது. கருவியும் தாளும் இன்றிக் கணக்கிட உதவிய அருமையான உத்தி அது. ஆனால் கணக்கை அவ்வப்போது வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தாவிடில் பிழை ஆண்டுதோறும் பெருகும். சான்று வேண்டுமாயின் சனிப்பெயர்ச்சியைப் பாருங்கள். திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்கு வந்தது 2023 சனவரி 17இல். வாக்கியப்படி திருநள்ளாற்றில் அது கொண்டாடப்பட்டது அதே ஆண்டு திசம்பர் 20இல். வானத்தில் சனி ஒன்றுதான். அது பஞ்சாங்கம் பார்த்து நகர்வதில்லை.

இத்தகைய குழப்பங்களை நாடளவில் ஆராய 1952இல் நடுவண் அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தது. தலைவர் சாகா, செயலர் நிர்மல் சந்திர லாகிரி. நாட்டில் ஏறத்தாழ 30 வகை நாட்காட்டிகள் வழங்கியதைக் குழு கண்டது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்கள் திரும்பிவரும் உண்மையான ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் நீளம். 60 ஆண்டில் இது ஒரு நாளாகிறது. 1400 ஆண்டில் ஏறத்தாழ 23 நாளாகிவிட்டது. பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளையே ஆண்டின் தொடக்கமாகக் கொண்டனர் முன்னோர். அந்நாள் மார்ச்சு 21இல் வந்துபோகிறது. நாமோ ஏப்பிரல் 14இல் சித்திரையை வரவேற்கிறோம். கதிரவன் வடக்கே திரும்புவது திசம்பர் 22இல். உத்தராயணத்தைச் சனவரி 14இல் கொண்டாடுகிறோம். இதை இப்படியே விட்டால் விழாக்கள் மெல்ல மெல்லப் பருவம் மாறிச் செல்லும். ஏகாம்பரநாதர் கோயிற் பங்குனி உத்திரமும், வரதராசர் கோயில் வைகாசிக் கருட சேவையும் நம் கொள்ளுப்பேரர்களுக்கும் அப்பால் வருவோர் காலத்தில் மழைக்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். குழு 1955இல் அறிக்கை அளித்தது. சக ஆண்டை ஏற்று, சைத்திர முதல் நாளை மார்ச்சு 22இலும், மிகைநாள் ஆண்டில் 21இலும் நிறுத்தியது.

நாட்காட்டி வேலை, இம்மேதைக்குத் தகுதியற்ற சிறு வேலை என்று அன்று எண்ணியவரும் உண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நல்ல நாள், கெட்ட நாள் குறிக்கும் உரிமை யார் கையில் உள்ளது என்பது நம்போன்றோர் வாழ்வில் சிறு செய்தியா?

சாகாவின் பிற பணிகள் பல. 1935இல் அறிவியலும் பண்பாடும் என்று பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கினார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950இல் ஐரீன் சோலியோ கியூரி அம்மையார் திறந்துவைத்தார். அது இன்று அவர் பெயரிலேயே இயங்குகிறது. 1943இல் தாமோதர் ஆறு பெருவெள்ளங்கொண்டது. இளமையில் வெள்ளத்தைக் கண்ணாற் கண்டு வளர்ந்த சாகா, அதைத் தடுக்க வழிகாணும் விசாரணைக் குழுவில் உறுப்பினரானார். அவ்வேளையில் வைசிராய் ஆட்சிக் குழுவில் தொழில் உறுப்பினராயிருந்து அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் அண்ணல் அம்பேத்கர். ஒருவர் மாவ் படைமுகாமிலும் ஒருவர் டாக்காச் சிற்றூரிலும் பிறந்து, ஒரே ஆற்றின் கரைக்கு வந்து சேர்ந்தனர்.

1952 பொதுத் தேர்தலில் கட்சி சாராதவராய் வடமேற்குக் கல்கத்தாவில் நின்று மக்களவைக்குச் சென்றார். கல்வி, அகதிகள் நலம், அணு ஆற்றல், தொழில் திட்டம் ஆகியவை பற்றி ஆளுங்கட்சியை அஞ்சாது வினவினார். 1956 பிப்ரவரி 16ஆம் நாள், புதுதில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் நெஞ்சடைப்பால் வீழ்ந்தார். வயது 62. அதே ஆண்டு திசம்பர் 6இல் அண்ணலும் மறைந்தார்.

சாகா வகுத்த நாட்காட்டி 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் தேதி, நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசின் அரசிதழில் ஆங்கிலத் தேதிக்கு அருகே அச்சாகும் சக தேதி அதுதான். நம் சங்கத்து நூலகத்துக்கு வரும் இளைஞர்கள் அடுத்தமுறை அரசிதழைப் புரட்டும்போது அதன் முகப்பைச் சற்றே நோக்குவார்களாக.